சிவப்பு எரிந்தால் நிறுத்து

ஒரகடத்துக் கம்பெனி வாசலில் காவல் நிற்கும் தாண்டவராயனுக்கு ஒரு வருடமாக ஆட்களின் காதுகள்தான் தெரிந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஓர் அழுக்கு. அடையாள அட்டையை ஓரக்கண்ணால்தான் பார்ப்பார். ஏதோ சந்தேகப்படுகிறார் என்று பயந்து, தப்பே செய்யாதவர்களும் டிபன் பையைத் திறந்து காட்டினார்கள்.

மாதக் கடைசிக்குள் கண் சர்டிபிகேட் தராவிட்டால் வேலை இல்லை என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். வயதானால் விழித்திரையின் நடுவில் வரும் கோளாறு இது என்றார் தண்டலத்து டாக்டர் சசிரேகா. ஒன்பது தடவை சிவப்பு ஒளி சிகிச்சை எடுத்தால் கொஞ்சம் தெளியலாம், முழுக்கத் தெளியும் என்று வாக்குத் தர முடியாதாம்.

கூட்டிப்போனது மகன் சுபாஷ். அதுதான் வினை. அதே கம்பெனியில் லைன் சூப்பர்வைசர்; சிவப்பு விளக்கு எரிந்தால் ஓடிப்போய் மெஷினை நிறுத்துவது பன்னிரண்டு வருடப் பழக்கம். அப்பாவின் கண்ணில் சிவப்பு வெளிச்சம் விழுந்ததும் பாய்ந்து சிகிச்சைக் கருவியை நிறுத்தும் பட்டனை அமுக்கினான். மறுதடவையும் அமுக்கினான். மூன்றாம் தடவை டாக்டர் அவனை வெளியே உட்கார வைத்தார். கதவுக் கண்ணாடியில் சிவப்பைக் கண்டதும், அதே சர்டிபிகேட்டுக்காகக் காத்திருந்த கம்பெனி ஜனம் மொத்தமும் உள்ளே ஓடி வந்தது. மெயின்டனன்ஸ் மாரிராஜ் ஸ்குரூ டிரைவரோடு வந்தான். இன்னொரு முறை இப்படி நடந்தால் சிகிச்சையே கிடையாது என்றார் டாக்டர். தாண்டவராயனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த தடவை சுபாஷ், கம்பெனியில் ரிப்பேர் மெஷினில் மாட்டும் அட்டை ஒன்றைக் கொண்டுவந்து கதவில் மாட்டினான். 'பழுது பார்க்கப்படுகிறது. தொடாதே.' மாட்டியவன்தான் அதைக் கழற்றலாம் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த சட்டம். ஒருவரும் அசையவில்லை. ஒன்பதும் முடிந்தது. அழுக்கு போகவில்லை, மெலிந்தது. சர்டிபிகேட் கிடைத்தது. அட்டையை ராசி என்று தாண்டவராயன் பையில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு சுபாஷ் வந்தான். தாண்டவராயன் அவன் அடையாள அட்டையை நேராகப் பிடித்துப் பார்த்தார். படத்தில் கன்னம் உப்பிய ஒருவன் சிரித்தான். எதிரே நின்றவனுக்குக் கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், காதோரம் நரைத்திருந்தது. ஒரு வருடமாக இவன் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"போட்டோல கீறவன் வேற ஆளு," என்றார்.

"நான்தான் நைனா. நைட்டும் ஓவர்டைம் பாத்துட்டு டீ குடிக்கத்தான் வெளிய வந்தேன். வுடு, டைம் ஆவுது."

தாண்டவராயன் பையிலிருந்த 'தொடாதே' அட்டையை எடுத்து மகன் கழுத்தில் மாட்டினார்.

"வூட்டுக்குப் போய்த் தூங்கு. நான் வந்து கழட்றேன்."