நூற்றெண்பது துணிப்பைகள்

மூன்று வருஷம் சங்ரூர் வயல்வெளி வெயிலில் வெந்தேன். கோதுமை மணியில் துத்தநாகத்தைக் கூட்டும் மரபணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான்.

வரைபடத்தைப் பார்த்ததும் என் வழிகாட்டி டாக்டர் பெனிப்பால் லட்டு வரவழைத்தார். மரபணு இங்கேதான் என்று காட்டும் முகடு ஐந்தாம் குரோமோசோமில் அவ்வளவு உயரமாக எழும்பியிருந்தது. நான் லட்டைக் கையில் வைத்துக்கொண்டே வரைபடத்தை மறுபடி பார்த்தேன். பயிரைச் சீக்கிரம் பழுக்க வைக்கும் மரபணுவும் அதே இடத்தில்தான் இருக்கிறது. முந்திப் பழுத்த செடிகளில் மட்டும் துத்தநாகம் ஏன் கூட வேண்டும்?

நேரே வயலுக்குப் போய், அறுவடை பார்க்கும் சிந்தோ அக்காவைக் கேட்டேன்.

"பைசாகிப் பண்டிகைக்கு முன்னாடி, முதல்ல அறுத்த கதிரை எதுலக்கா உதிர்த்தீங்க?"

"எதுல உதிர்க்க? கதிரைப் போட்டுத் தேய்க்கிற துணிப்பையே வரல. நீயும் டைபாய்டுல படுத்துட்ட. புதுசா தகர வாளி ஒண்ணு இருந்துச்சு, அதுல போட்டுத் தேய்ச்சேன். அப்புறம்தானே நீ வந்து பெட்ஷீட்டைக் கிழிச்சுப் பை தச்ச? ஏன்மா, தப்பாயிடுச்சா?"

துத்தநாகம் பூசிய வாளி. மணியில் உலோகம் படக்கூடாது என்று அவளிடம் சொல்லாதவள் நான். என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஒரே செடியின் கதிர்களைப் பிரித்து, பாதியைத் துணியிலும் பாதியை வாளியிலும் உதிர்த்து அளந்தேன். ஒரு கிலோ மணிக்குத் துத்தநாகம் துணியில் முப்பத்திரண்டு மில்லிகிராம், வாளியில் ஐம்பத்தேழு. மூன்று வருஷமாக நான் தேடிப் பிடித்தது ஒரு வாளியை.

பெனிப்பாலிடம் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நாளைக்கு நம்ம முடிவைப் பார்க்க டெல்லியிலருந்து அதிகாரிங்க வர்றாங்க. வாளிப் பேச்சை எடுக்காத. எடுத்தா, அந்த சிந்தோ பண்ணின கூத்துன்னு எழுதி அவளை வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

"பிப்ரவரியிலயே நூத்தெண்பது பை கேட்டு எழுதிக் கொடுத்தேனே சார்."

"பை வந்துச்சும்மா. எங்கயாவது கெடக்கும். இப்ப அதுவா முக்கியம்?"

வாளியைச் சொன்னால் சிந்தோ அக்காவின் வேலை போகும். சொல்லாவிட்டால் இந்தப் பொய்யை நம்பி ஊரெல்லாம் விதைப்பார்கள். என்ன மனிதர் இவர்!

மறுநாள் கூட்டத்துக்கு வாளியோடு போய் உட்கார்ந்தேன். பெனிப்பால் டெல்லிக்காரர்களோடு சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். தோளில் ஒரு வெள்ளைத் துணிப்பை. அதில் அவருடைய சிரித்த முகமே பெரிதாக அச்சாகியிருந்தது. அடியில் 'உழவர் திருவிழா, மார்ச்' என்ற எழுத்து. அளவும் தையலும் நான் எழுதிக் கொடுத்ததேதான். நான் கேட்ட பைகளில் தன் முகத்தை அடித்துத் திருவிழாவில் வாரி வழங்கியிருக்கிறார்.

முகடு திரையில் வந்ததும் எழுந்து வாளியை மேசைமேல் வைத்தேன்.

"சார் காட்டுற மரபணு இதுதான். சீக்கிரம் பழுத்த செடிங்களோட மணியை இந்தத் துத்தநாகம் பூசின வாளியிலதான் உதிர்த்திருக்கோம்."

டெல்லிக்காரர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார். "வாளியில உதிர்க்கலாமா? யார் பண்ணின வேலை இது?"

பெனிப்பால் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"பை இல்ல சார். நூத்தெண்பது பை கேட்டிருந்தேன். அதுல ஒண்ணு அவர் தோள்ல தொங்குது."

பெனிப்பால் பையைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளினார். அங்கேயும் அது சிரித்துக்கொண்டுதான் கிடந்தது.