எழுந்து நிற்க ஒருவர்

"பொட்டு வைக்கவா, வேண்டாமா?" என்று சரண்யாதேவி மறுபடியும் கேட்டாள்.

கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டு அவள் விரல் நுனிக்கு வந்து நெடுநேரமாகிவிட்டது. ஷாநவாஸ் சட்டைப் பொத்தானைப் போட்டபடி பதில் தேடினான். வெல்டிங் பட்டறையில் எந்தக் கம்பியை எங்கே வெட்டுவது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவான். இதற்கு யோசிக்க வேண்டியிருந்தது.

"கோயில்காரங்க எந்திரிக்கணும்னா வச்சுக்க. பள்ளிவாசல்காரங்க எந்திரிக்கணும்னா எடுத்துரு."

"ரெண்டுல யாரு எந்திரிப்பாக?"

"அதுதான தெரியல."

அவர்கள் குடியிருந்த வாய்க்கால் கரைக் குடிசைகளை இடிக்கப்போவதாக அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். மதுரையில் அவர்கள் வருமானத்துக்கு வாடகை வீடு குதிரைக்கொம்பு. அவன் பெயரைச் சொன்னால் ஒரு தெருவில் கதவைச் சாத்துவார்கள். அவள் சாதியைச் சொன்னால் அடுத்த தெருவில். இந்த நேரத்தில்தான் கரையோரப் பள்ளிவாசலும் மாதா கோயிலும் காளியம்மன் கோயிலும் கைகோத்தன. ஸ்பீக்கர் சத்தத்துக்காக ஒருவரையொருவர் போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்தவர்கள், ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்து பேசி, சமயநல்லூர்ப் பக்கம் நிலம் வாங்கி, கரைவாசிகளுக்குக் குறைந்த விலையில் வீடுகள் கட்டினார்கள். நல்ல காரியம்தான், இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

அந்தக் காரியத்துக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவள் சரண்யாதேவி. கரையில் சபிஹா வீட்டு அடுப்படியிலும் பாண்டியம்மாள் வீட்டு வாசலிலும் கூச்சமில்லாமல் உட்கார்ந்து பேசக்கூடியவள் அவள்தான் என்று மூன்று இடத்துப் பெரியவர்களுமே அனுப்பினார்கள். ஷாநவாஸ் தன் பங்குக்கு ஜன்னல் கம்பிகளைப் பாதிக் கூலிக்கு அடித்துக் கொடுத்தான்.

வீடு ஒதுக்கும் முறைதான் புதுசு. வெளியாட்கள் புகுந்து வீட்டைத் தட்டிக்கொண்டு போய்விடக் கூடாதல்லவா? அதனால் கூட்டத்தில் ஒரு குடும்பத்தின் பெயரைக் கூப்பிட்டதும், மூன்று இடத்துப் பெரியவர்களில் ஒருவர் எழுந்து "இவுக எங்க ஆளுக" என்று சொல்ல வேண்டும். சொன்னால் வீடு. காகிதம் கீகிதம் எதுவும் வேண்டாம். இதைக் கேட்டபோது நியாயமாகத்தான் சரண்யாதேவிக்கும் பட்டது. நமக்கு இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறது என்று ஷாநவாஸ் சிரிக்கக்கூடச் செய்தான்.

கடைசியில் அவள் பொட்டையும் வைத்துக்கொண்டாள், முந்தானையைத் தலையிலும் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

கல்யாண மண்டபத்தில் பெயர்கள் விறுவிறுவென்று போயின. ஷாநவாஸ், சரண்யாதேவி என்று கூப்பிட்டபோது ஒருவரும் எழவில்லை. ஜமாத் சார்பில் வந்திருந்த பாத்திரக்கடை பாதுஷா அவள் நெற்றியைப் பார்த்தார். காளியம்மன் கோயில் தர்மகர்த்தா காசிமாயன் அவள் முக்காட்டைப் பார்த்தார். பிறகு, நீங்கள் எழுந்திருப்பீர்கள் என்றல்லவா நினைத்தேன் என்பதுபோல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் ஒவ்வொருவரிடமாகப் போய் நின்றார்கள். பாதுஷா கனிவாகவே பேசினார். ரிஜிஸ்டர் ஆபீஸ் கல்யாணத்தை வைத்துக்கொண்டு ஜமாத்தில் தான் என்ன சொல்ல முடியும், அவள் கலிமா சொல்லி நிக்காஹ் முடித்து வந்தால் மறுநாளே எழுந்து நிற்பதாகச் சொன்னார். மாதா கோயில் பெரியவர் ஞானதுரை அவர்களுக்காக ஜெபிப்பதாகச் சொன்னார். ஞானஸ்நானம் பற்றியும் யோசிக்கச் சொன்னார்.

காசிமாயன் அவளை எட்ட நிறுத்தியே பேசினார்.

"நீ பாய் வீட்டுக்கு வாக்கப்படாட்டியும் நான் எந்திரிச்சிருக்க முடியாது தாயி. ஒங்க ஆளுககிட்ட எங்க கோயிலுக்கு வரி வாங்குறதில்லையே. பெறகு எப்படி எங்க ஆளுன்னு சொல்ல?"

திருவிழாவுக்கு வரி கொடுக்கிற குடும்பம்தான் கோயில் குடும்பம். உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்த அவள் அப்பா ஆண்டிச்சாமி, சாகிற வரைக்கும் வருஷா வருஷம் அந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு கோயில் வாசலில் நின்றவர். ஒரு வருஷம்கூட வாங்கவில்லை.

மூவரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். சண்டை போடக்கூட இடம் வைக்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை. பேசாமல் நிக்காஹ் முடித்துவிடுவோமா என்று ஷாநவாஸ் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். கேட்ட வாயாலேயே வேண்டாம் என்றும் சொன்னான். வெகுநேரம் அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

சாவி கொடுக்கும் விழா நெருங்கியபோது மூன்று பெரியவர்களும் சேர்ந்தே குடிசைக்கு வந்தார்கள். முதல் சாவியை இவர்கள் இருவரும்தான் எடுத்துக் கொடுக்க வேண்டுமாம்.

"பேப்பர்காரங்க வாராங்கம்மா. நம்ம ஒத்துமைக்கு ஒங்க ரெண்டு பேர விட்டா வேற யாரு அடையாளம்?" என்றார் பாதுஷா.

எங்களுக்கு வீடு என்று அவள் இழுத்தாள். அடுத்த கட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த கட்டம் என்று ஒன்று வருமா என்பது அவர்களுக்கே தெரியாது. நம்பாமல் என்ன செய்வது என்று அவள் ஒப்புக்கொண்டாள்.

விழாவன்று காலையில் அவள் கண்ணாடி முன்னால் நிற்கவே இல்லை. முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு அப்படியே கிளம்பிவிட்டாள்.

மேடையில் மூன்று மதத்துப் பாட்டும் பாடி முடித்தார்கள். முதல் சாவி பாண்டியம்மாளுக்கு. சரண்யாதேவி தட்டிலிருந்து சாவியை எடுத்ததும் காசிமாயன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"என்னத்தா இது, நல்ல காரியத்துல வெறும் நெத்தியோட நிக்கிற? புருசன் பக்கத்துலதான இருக்கான். ஒரு பொட்டு வையி."

அந்தப் பக்கமிருந்து பாதுஷாவும் மெல்லச் சொன்னார்.

"முந்தானையத் தலையில போடும்மா. ஜமாத்துப் பெரியவங்கல்லாம் கீழ இருக்காங்க."

அவள் இருவரையும் பார்த்தாள். குரலை உயர்த்தாமலே கேட்டாள்.

"வீடு கேட்டப்ப நான் யாரு ஆளுன்னே தெரியல. நெத்திக்கும் தலைக்கும் மட்டும் ஒங்க ஆளாயிட்டேனா?"

போட்டோக்காரர் இந்தப் பக்கம் பார்க்கச் சொன்னார். பெரியவர்கள் சிரித்தார்கள். அவள் சாவியைப் பாண்டியம்மாள் கையில் வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினாள்.

குடிசையை இடித்த அன்று, லோடு ஆட்டோவில் சாமான்களை ஏற்றிக்கொண்டு வாடிப்பட்டிப் பக்கம் ஒரு தகரக் கொட்டகைக்குப் போனார்கள். வழியில்தான் சமயநல்லூரில் கட்டிய அந்தக் காலனி. முகப்பில் பெரிய ஃப்ளெக்ஸ். அதில் சாவியோடு சரண்யாதேவி. கம்ப்யூட்டரில் அவள் நெற்றியில் ஒரு பொட்டு வைத்திருந்தார்கள், தலையில் ஒரு முந்தானையும் போட்டிருந்தார்கள்.

ஷாநவாஸ் வண்டியை நிறுத்தச் சொன்னான். அதைக் கிழித்தெறிகிற வேகம் அவன் முகத்தில் இருந்தது. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க. அவளுக்காவது இங்க எடம் கெடச்சிருச்சு. நாம போவோம்."