பங்கு ஏறிய நாட்களில் வந்த கதவுகள்

பங்கு பன்னிரண்டு சதவிகிதம் ஏறிய செவ்வாய்க்கிழமை காலை, சந்தை திறந்த கொஞ்ச நேரத்தில், அளவுக்காரி வீட்டுக் கூடத்தில் முதல் கதவு வந்து நின்றது. நிலையோடு வந்தது. பச்சை வண்ணம், பித்தளைக் கைப்பிடி, பக்கத்தில் ஒரு அழைப்புமணிப் பொத்தான், அதிலிருந்து எங்கேயோ போயிருக்க வேண்டிய ஒயர் ஒரு முழம். சுவரில் சாயாமல், தரையிலும் பதியாமல், சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில், வரிசையில் இடம் பிடித்துவிட்ட ஆள் மாதிரி நின்றது. அவள் கணவர் டிவி மறைக்கிறது என்று சத்தம் போட்டார். அவள் கழுத்தில் எப்போதும் தொங்கும் டேப்பை எடுத்துக் கதவை அளந்தாள். முப்பது வருஷமாகத் திரைச்சீலை தைப்பவள். கதவையோ ஜன்னலையோ கண்டால் அளப்பது அவளுக்குத் தும்மல் வருவது போல, தடுக்க முடியாது. தெரு அவளுக்கு அளவுக்காரி என்று பேர் வைத்தது அதனால்தான். கணவருக்கு வைத்த பேர் சில்லறை. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், பணிக்காலம் முழுக்க ஒருத்தருக்கும் மீதிச் சில்லறை கொடுத்ததில்லை.

அந்தப் பங்கை வாங்க வைத்தவன் அளவுக்காரியின் தம்பி. பங்குத் தரகர் ஆபீசில் வேலை. அவள் கடை வைத்திருந்த இடத்தின் சொந்தக்காரர், ஒரு வருஷத்தில் இடத்தை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். சில்லறை ஓய்வு பெற்றபோது வந்த பணம் அதற்குப் பாதிதான் காணும். பாதியை முழுசாக்கும் வித்தை தனக்குத் தெரியும் என்றான் தம்பி. ராணுவத்துக்குச் சரக்கு கொடுக்கும் ஒரு கம்பெனி, கண்ணை மூடிக்கொண்டு போடலாம் என்றான்.

"குண்டு செய்றாங்களாடா?" என்று கேட்டாள்.

"சேச்சே, என்னக்கா நீ! குண்டு செய்றது வேற கம்பெனி. இவங்க அது எங்க போகணும்னு வழி சொல்ற டப்பா மட்டும்தான். இத்துனூண்டு இருக்கும்."

தீப்பெட்டி அளவுக்கு விரலில் காட்டினான். அளவு சின்னதாக இருந்ததால் அவளுக்கும் மனசு ஒத்துக்கொண்டது. சில்லறை அவள் பெயரில் வாங்கிய செய்தி சலூனில் கசிந்து, சலூன்காரர் வாங்கி, அவர் கத்தரியின் கீழ் தலை கொடுத்த அத்தனை பேரும் வாங்கி, ஒரே மாதத்தில் தெருவே வாங்கிவிட்டது. புத்திசாலித்தனத்தில் எந்த வீடும் பின்தங்கவில்லை.

எங்கேயோ ஒரு சண்டை தொடங்கியது, பங்கு ஏறியது, ஏற ஏறக் கதவுகள் வந்தன. காலையில் சந்தை திறக்கும்போது வரும். விடுமுறை நாட்களில் வராது. இரும்புக் கதவு, ஒற்றைக் கதவு, இரட்டைக் கதவு, கீழே பூனைக்கு ஓட்டை வெட்டிய கதவு. ஒரு நீலக் கதவின் நிலையில் குழந்தைகளின் உயரத்தைக் கீறி வைத்திருந்தார்கள். இரண்டு குழந்தைகள், ஒன்று இன்னொன்றைத் துரத்திக்கொண்டு வளர்ந்திருந்தது. திறந்தால் எதிர்ப்பக்கம் அதே கூடமும் அதே சோபாவும்தான். ஆனால் சில சமயம் மூடிய கதவை உள்ளிருந்து யாரோ தட்டுவார்கள். ஓடிப்போய்த் திறந்தால் சிமெண்டுத் தூசி மட்டும் கொட்டும். கதவுகள் எந்த ஊரிலிருந்து வருகின்றன என்று தெருவுக்குத் தெரியும். டிவி செய்தியில் அந்த ஊர் வீடுகளைக் காட்டியபோது வாசல்களெல்லாம் பல் விழுந்த வாய் போல இருந்தன. தெரு அதைப் பார்த்தது, உச்சுக்கொட்டியது, சேனலை மாற்றியது. பிறகு கதவுகளில் துணி காயப் போட ஆரம்பித்தது. அளவுக்காரி மட்டும் தன் வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் திரை தைத்து மாட்டினாள். பக்கத்து வீட்டுக் கதவுகளுக்கும் சலூன் கதவுகளுக்கும் வெட்டுத்துணியில் தைத்துக் கொடுத்தாள். அம்மணமாக ஒரு கதவு நிற்பதை அவள் தொழில் பொறுக்காது.

முதலில் விற்றவர் சலூன்காரர். கதவுகளுக்கு நடுவே நாற்காலி சுழல இடமில்லை, போதும்டா சாமி என்று நல்ல லாபத்துக்கு விற்றார். மறுநாள் காலையில் அவர் கதவுகள் மறைந்துவிட்டன. அடடா, இவ்வளவு சுலபமா என்று தெருவே வரிசையாக விற்றது. யார் பங்கை வாங்கினார்களோ அவர்கள் வீட்டுக்குக் கதவுகள் போய்ச் சேர்ந்திருக்கும் என்று தம்பி விளக்கினான். பங்கோடு சேர்ந்த உரிமைகள் எல்லாம் அப்படித்தானாம். சில்லறையும் வெள்ளிக்கிழமை விற்பதாக முடிவு செய்தார். கடையை வாங்கப் பணம் தேறிவிட்டது, மீதியில் ஒரு புதுத் தையல் மெஷின்கூட வாங்கலாம். அளவுக்காரி சரி என்றாள். அந்தச் சந்தோஷத்தில் வியாழக்கிழமை ஒரு பெரிய பங்களாவுக்குத் திரை அளவெடுக்கப் போனாள்.

பங்களாவின் பின்பக்கம் சலூன்காரரின் கதவு படுத்திருந்தது. அவள் தைத்த பூப்போட்ட திரை இன்னும் அதில் தொங்கியது. வீட்டுக்காரரும் பங்கு வாங்கியவர்தான்; இழைத்த மரம் சும்மா வருகிறதே என்று ஆள் வைத்து அறுத்து நாய்க்கூண்டு செய்துகொண்டிருந்தார். ரம்பம் பாதி தூரம் போயிருந்தபோது கதவின் உள்ளேயிருந்து தட்டினார்கள். மூன்று தரம், அவசரமில்லாமல், தூங்குபவரை எழுப்புகிற மாதிரி. ரம்பம் வைத்திருந்தவர் நிமிர்ந்து வீட்டுக்காரரைப் பார்த்தார். "காத்து, நீ அறு," என்றார் வீட்டுக்காரர். அளவுக்காரி அந்த வீட்டில் ஒரு ஜன்னலையும் அளக்காமல் திரும்பி வந்தாள். கதவைக் கண்டு அளக்காமல் அவள் வந்தது அன்றைக்குத்தான்.

"விக்கக் கூடாது," என்றாள் வாசலிலேயே.

"கடை போயிடுமே."

"போகட்டும்."

"பைத்தியமா உனக்கு?"

"அளந்து பாருங்க."

சில்லறை ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. தம்பி வந்து அழாத குறையாகச் சொல்லிப் பார்த்தான். பங்கு உச்சத்தில் இருக்கும்போது பிடித்துக்கொண்டு உட்காருகிறவர்கள் உண்டு. விழட்டும், நாசமாகப் போகட்டும் என்று தன் பங்கைத் தானே தினமும் சபித்துக்கொண்டு விற்காமல் இருக்கிற முதலீட்டாளரை அந்த ஆபீசில் யாரும் பார்த்ததில்லை. தெரு வேறு வாய்க்கு வந்தபடி பேசியது. வாசல் வழியாகக் குடித்தனம் பண்ணுவார்கள், இவள் வாசலோடு குடித்தனம் பண்ணுகிறாள் என்று சலூனில் சிரித்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கம்பெனி அனுப்பிய ஈவுத்தொகையில் கீலுக்கு எண்ணெயும் திரைக்குத் துணியும் வாங்கினாள். பங்குதாரர் கூட்டத்துக்கு அழைப்பு வந்தபோது, நீலக் கதவை ஒரு பக்கம் பிடிக்கும்படி கணவரைக் கேட்டாள். ஒரு வாரம் பேசாதவர் செருப்பை மாட்டிக்கொண்டு, "தலைப்பக்கம் நான் பிடிக்கிறேன், உனக்கு இடுப்பு வலி," என்றார்.

கூட்டம் ஒரு பெரிய ஹோட்டல் மண்டபத்தில். காவலாளி மறித்தார்.

"என்னம்மா இது? இதெல்லாம் உள்ள விடமாட்டாங்க."

"கதவுப்பா. உங்க மண்டபத்துல கதவே இல்லையா?"

அவர் யோசிப்பதற்குள் கதவு உள்ளே போய்விட்டது. மேடையில் தலைவர் இந்த ஆண்டு நிறுவனத்துக்கு மிக நல்ல ஆண்டு என்று வாசித்தார், எல்லோரும் கைதட்டினார்கள், பிஸ்கட் பொட்டலம் வந்தது. கேள்வி நேரத்தில் அளவுக்காரி எழுந்தாள். மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் டேப்பைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"அகலம் ரெண்டே முக்கால் அடி, உயரம் ஆறே கால். நீலம். ரெண்டு பிள்ளைங்க. இது யார் வீட்டுக் கதவுன்னு சொல்லுங்க சார், கொண்டுபோய்க் குடுத்துடறேன்."

தலைவர் நல்ல மனிதர்தான், பொறுமையாகச் சிரித்தார். "அம்மா, நாங்க வெடிக்கிற எதையும் செய்றதில்லைங்க. வழி காட்டற கருவி மட்டும்தான்."

"அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். வழி தெரிஞ்சவங்க நீங்கதானே. சொல்லுங்க."

 அப்போது நீலக் கதவை உள்ளேயிருந்து தட்டினார்கள், தாழ்வாக, ஒரு குழந்தையின் தோள் உயரத்தில். தலைவர் தண்ணீர் குடித்தார். பிறகு அடுத்த பொருளுக்குப் போகலாம் என்றார். எல்லாத் தீர்மானங்களும் நிறைவேறின, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கை எதிராக நின்றது. இரண்டாவது தீர்மானத்திலிருந்து பக்கத்தில் சில்லறையின் கையும் தூக்கிக்கொண்டது. பங்கு அவர் பெயரில் இல்லையாதலால் அது செல்லாது என்று அறிவித்தார்கள். அவர் கையை இறக்கவில்லை. அதற்குப் பின் ஒவ்வொரு வருஷமும் போனார்கள், ஒவ்வொரு வருஷமும் வேறொரு கதவோடு. மண்டபத்துக்காரர்கள் பழகிப்போய் அவர்களுக்கென்று ஓரத்தில் இடம் விட்டார்கள்.

கடை போயிற்று. அங்கே இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். வீட்டிலும் உட்கார இடமில்லாததால், சில்லறை தன் பழைய பஸ் டிப்போவில் கேட்டு, பின்னால் கிடந்த காலி மனையை வாங்கிக் கொடுத்தார், வாடகைக்குத்தான். கதவுகளையெல்லாம் அங்கே கொண்டுபோய்ச் சதுரமாக நிறுத்தி, மேலே தார்ப்பாய் கட்டி, நடுவில் மெஷினைப் போட்டு அவள் தைக்க உட்கார்ந்தாள். நகராட்சியிலிருந்து வந்த அதிகாரி அனுமதியில்லாத கட்டடம் என்றார். சுவர் எங்கே என்று காட்டச் சொன்னாள். சுற்றிச் சுற்றி வந்தார், எங்கும் கதவுதான். எதைத் திறந்தாலும் வெளியே வந்துவிட்டார். கட்டடம் எதுவும் காணப்படவில்லை என்று எழுதிவிட்டு, தன் வீட்டு ஜன்னலுக்கு இரண்டு திரை சொல்லிவிட்டுப் போனார். சண்டை ஓய்ந்தது, வேறோர் இடத்தில் பிடித்தது, பங்கு இறங்கி ஏறியது, மனை நிறைந்தது. அளவுக்காரிக்குத் தலை நரைத்தது. தம்பி விற்கச் சொல்வதை விட்டுவிட்டு வாரம் ஒருமுறை வந்து கீல்களுக்கு எண்ணெய் போட்டான்.

பிறகு ஒருநாள் காலை பூனை ஓட்டைக் கதவைத் தட்டினார்கள். அவள் எழுவதற்குள் அந்தப் பக்கம் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. ஒரு பெண் வந்தாள், நடுவயது, காலெல்லாம் தூசி, இடுப்பில் சாவிக்கொத்து. யாரையும் பார்க்கவில்லை. கைப்பிடியைத் தடவினாள், பூனை ஓட்டையைக் குனிந்து பார்த்தாள், திரையை இழுத்துப் பார்த்தாள். இழுத்தவள் முகம் மாறியது. கீழே தரையையும் திரையின் நுனியையும் காட்டி ஏதோ வேகமாகச் சொன்னாள். அது எந்த மொழி என்று தெரியவில்லை. ஆனால் திரை இரண்டு அங்குலம் குட்டை என்று சொல்கிற பெண்ணை எந்த மொழியிலும் புரியும். அளவுக்காரி மண்டியிட்டு அளந்தாள். உண்மைதான். அவள் வழக்கப்படி கீழே நிலைப்படிக்கு இடம் விட்டுத் தைத்திருந்தாள். அந்த ஊர் வீடுகளில் நிலைப்படி வைப்பதில்லை போலிருக்கிறது.

"எல்லாத்தையும் பிரிச்சுத் தைக்கணும்," என்று சொல்லிக்கொண்டே மடிப்பைப் பிரிக்க உட்கார்ந்தாள். வந்த பெண் எதிரே உட்கார்ந்து மறு முனையிலிருந்து பிரித்தாள். அதற்குள் நீலக் கதவைத் தட்டினார்கள், பக்கத்துக் கதவைத் தட்டினார்கள், பின்னால் இரும்புக் கதவையும் தட்டினார்கள். சில்லறை எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார். பிள்ளைகளும் மூட்டைகளுமாக ஜனம் தயங்கித் தயங்கி வாசலிலேயே நின்றது. அவருக்குப் பழைய குரல் தானாக வந்தது.

"ஏறுங்க, ஏறுங்க! வாசல்ல நிக்காதீங்க, உள்ள நகருங்க. இடம் இருக்கு."