தலையை எண்ணாத கல்லூரி

இதில் ஒரு சொல் பொய்யானாலும் எனக்கு மிச்சமிருக்கும் பற்கள் இன்றே கொட்டட்டும். அந்த ஆண்டு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்களில் ஒருவர் குதிரை. பயிற்சி மையத்து சன்னலோரம் பால்வண்டியோடு பல வருடம் நின்று பாடம் கேட்டு, விடைகளைக் குளம்பால் தட்டித் தேர்வாகியிருந்தது. மதிப்பெண் இருந்தது, வயதும் இருந்தது. மனிதராக இருக்க வேண்டும் என்று விதியில் எங்கும் போடவில்லை. "எல்லாத் தரப்புலேருந்தும் ஆள் வரணும்னு நாமதானே கேட்டோம்?" என்று முதல்வர் கையெழுத்துப் போட்டார். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டிக்கொண்டிருந்தவர் ஒருவரும் சேர்ந்தார். மனிதர்களைக் கடைசியாகவே பார்த்து அலுத்துப்போய், இனிக் கொஞ்சம் முன்னதாகப் பார்க்கலாமென்று வந்தாராம். ஒரு தாயும் மகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மதிப்பெண் தாய்க்குத்தான் கூடுதல். "அம்மா, வகுப்புல என்னைக் கண்ணுன்னு கூப்பிடாத, மானம் போகுது." "சரி கண்ணு."

இவர்களோடு ஒரு ரொட்டிக்காரியும் இருந்தாள். புளித்த மாவோடும் அடுப்புச் சூட்டோடும் பாதி ஆயுள் பழகியதில், மாவின் குணம் அவளுக்கும் ஒட்டிக்கொண்டது. காலையில் பெஞ்சுக்கு ஒரு சாண் மேலே இருப்பாள். வெயில் ஏற ஏற அவளும் ஏறி, மதியம் கூரையில் தலை முட்டும். அவள் அடிபடாமலிருக்க மின்விசிறியை நிறுத்திவைத்ததில் வகுப்பே வியர்த்தது. டாக்டராகத்தான் திரும்புவேன் என்று கடையை மூடி, அடுப்பை இடித்துவிட்டு வந்தவள். "தோத்துட்டு வந்தா சுடறதுக்கு அடுப்பு இல்ல, ஞாபகம் வெச்சுக்கோ" என்று புருஷன் வழியனுப்பியிருந்தார்.

வினை வருகைப்பதிவில் வந்தது. உடற்கூறியல் பேராசிரியர் குரலை நம்பமாட்டார். ஒருவருக்கு இன்னொருவர் 'உள்ளேன் ஐயா' சொல்லிவிடலாம். தலையையும் நம்பமாட்டார், முந்திய ஆண்டு ஒரு பானை தொப்பி போட்டுக்கொண்டு பருவம் முழுக்கப் பாடம் கேட்டு, தேர்வில் பாஸும் ஆகியிருந்தது. ஆகவே கடைநிலை ஊழியர் குனிந்து, பெஞ்சுகளுக்கு அடியில் தரையில் பதிந்த கால்களை எண்ணி, இரண்டால் வகுப்பார். ரொட்டிக்காரிக்குக் குறைந்த இரண்டு காலைக் குதிரை ஈடுகட்டியதால் கணக்கு தினமும் நேராக வந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு குதிரை தன் அக்கா கல்யாணத்துக்கு விடுப்பில் போயிற்று. அதைக் கழித்த பிறகும் இரண்டு கால் இடித்தது. பேராசிரியர் அண்ணாந்து பார்த்தார்.

"இத்தனை நாளா மேலயா இருந்தே?"

"ஆமாங்கய்யா. பாடம் இங்க நல்லாவே கேக்குது."

"கேட்டா போதாதும்மா. கால் வேணும். நாளைக்கு வகுப்புல ரெண்டு காலும் தரையில இல்லேன்னா உன் பேரை அடிச்சிடுவேன்."

மறுநாள் குதிரையும் திரும்பிவிட்டது. குழிவெட்டி ரொட்டிக்காரியின் கணுக்காலைப் பிடித்தார். "கவலைப்படாதம்மா, ஆளைக் கீழ இறக்கறதுதான் என் தொழிலே" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவரே மேலே போனார். அவர் காலைத் தாய் பிடித்தாள், தாயின் காலை "விடும்மா, விடும்மா" என்று மகள் பிடித்தாள், இப்படியே ஒருவரை ஒருவர் பிடித்து வகுப்பு முழுவதும் எழும்ப, கடைசி ஆளின் சட்டையைக் கடித்துக்கொண்டு குதிரையும் கிளம்பிற்று. ஊழியர் குனிந்து பார்த்துவிட்டு, "ஐயா, கால்னு ஒண்ணுகூட இல்லீங்க" என்றார். எல்லார் பெயரையும் அடித்தால் தன் வேலையும் போகும் என்பது பேராசிரியருக்கு உடனே விளங்கியது. அவர் படித்தவர். ஏணி கொண்டுவரச் சொல்லி, ஏறி உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து கல்லீரலைத் தொடர்ந்தார். அன்றுமுதல் விதி மாறியது: தரையில் கால் தெரிந்தால் அந்த மாணவர் வரவில்லை என்று பொருள்.

எல்லாரும் தேறினார்கள். குதிரை குழந்தை மருத்துவமும் ரொட்டிக்காரி அறுவை சிகிச்சையும் பார்க்கிறார்கள். அவள் மேலேயிருந்தே அறுப்பது, பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் வசதி என்கிறார்கள். புருஷன் இப்போது வெளியே ரொட்டி வாங்குகிறார்.

அந்த வகுப்பறையைப் பார்க்க விரும்புகிறவர்கள் எந்த நாளும் போய்ப் பார்க்கலாம். கட்டிய காலத்திலிருந்தே அங்கே பெஞ்சுகளுக்கு முன்னும் பின்னும் தரைவரை பலகை அடித்திருக்கிறது. எவ்வளவு குனிந்தாலும் யார் காலும் தெரியாது.