காயாத மூக்குத்தி

பகலவன் ஐந்தரைக்கு எழுந்தான். குழாயில் தண்ணீர் வந்தது. நான்கு வாளி பிடித்தான். பால் காய்ச்சினான். பிறகு சவரம் செய்ய முன்னறைக்குப் போனான். குளியலறைக் கண்ணாடியை எழில்மொழி கழற்றி வந்து, தான் படம் வரையும் பலகைக்குப் பக்கத்தில் மாட்டி நான்கு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து அவளுடைய ஸ்டூலில் உட்கார்ந்துதான் சவரம். மனைவி போய் இன்று பதினாறாம் நாள். அதே ஸ்டூலில் உட்கார்ந்தான்.

அவள் திருநங்கை. வரைந்ததெல்லாம் தன்னையே. அந்தக் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து முப்பத்தொரு படம். அகன்ற தாடை, துருத்திய குரல்வளை, எதையும் மறைத்ததில்லை. கொஞ்சம் அழகுபடுத்தலாமே என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தான்.

"எதுக்கு? எனக்கு இவளப் புடிச்சிருக்கு. ஒனக்குப் புடிக்கலன்னா டிவியப் பாரு."

கடைசிப் படம் துணி மூடி நின்றது. பத்து மணிக்குப் படத்திறப்பு. அவர்கள் கல்யாணத்தைப் போலவே இதற்கும் ஐயர் இல்லை. துணியை விலக்குவார்கள், பூ வைப்பார்கள், யாராவது இரண்டு வார்த்தை பேசுவார்கள்.

ஒன்பது மணிக்கே மாமனார் நல்லக்கண்ணு வந்துவிட்டார். திருப்பனந்தாளிலிருந்து பஸ். மகளைப் பார்த்து ஒன்பது வருடம் ஆனவர், அடக்கத்துக்கும் வராதவர். கையில் சுருட்டிய ஃப்ளெக்ஸ். தரையில் விரித்தார். பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட் படம்: ஒட்ட வெட்டிய முடி, வெள்ளைச் சட்டை. கீழே அவள் விட்டுவிட்டு வந்த ஆண் பெயர்.

"வாசல்ல கட்டிடலாம் தம்பி."

"அவ பேரு இது இல்லைங்க மாமா."

"நான் வச்ச பேரு. ரேஷன் கார்டுல இருந்துச்சு."

"எழில்மொழிங்க."

"மாமான்னு கூப்புட்டுட்டா நீ சொல்றதுதான் சட்டமா? நாத்துப் பறிக்கிற ஆளுங்கள அப்படியே விட்டுட்டு வந்திருக்கேன்."

சண்டை போடத் தெம்பில்லை. கட்டிக்கொள்ளட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் வாசலில் அது தொங்கினால் வருகிறவர்கள் மனதில் நிற்கப்போவது அந்தப் பையன்தான். முப்பத்தொரு தடவை வரைந்தது வீணாகிவிடும். பத்து மணி ஆகட்டும் என்று காத்திராமல் துணியை இழுத்தான்.

நல்லக்கண்ணு வெகுநேரம் பார்த்தார். படத்திலிருந்து அவள் நேராகப் பார்த்தாள். மூக்கில் சிவப்புக்கல் மூக்குத்தி, எண்ணெய் வண்ணம் தடித்து நின்றது.

"தாடை என்னுது" என்றார். "மறைக்கலையே."

"மறைக்க மாட்டா."

"எங்ககிட்ட வேற படம் இல்ல தம்பி. இருந்தா இத அடிச்சிருப்பனா?"

ஃப்ளெக்ஸைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் சாய்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். குங்குமம்.

"அவ அம்மா பூவம்மா குடுத்துச்சு. எதுக்குன்னு கேட்டேன், சொல்லல. தாலியோட போன புள்ள, நெத்தி வெறுசா இருக்கக் கூடாதுல்ல."

குங்குமம் தொட்ட கட்டைவிரல் படத்தின் முகத்தை நெருங்கியது. பகலவன் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"வைங்க. மூக்குல மட்டும் படாம."

"ஏன்?"

காய்ச்சலில் துவண்டவளை ஆட்டோவில் ஏற்றியபோது அவள் ஒன்று சொன்னாள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் அவள் பேசவில்லை. பகலவன் அதை அப்படியே அவரிடம் சொன்னான்.

"மூக்குத்தி இன்னும் காயல. யாரும் தொட்டுடாம பாத்துக்க."