மூன்று திருடர்களுக்கு அண்ணியின் கால்கள்

படங்களுக்குக் காலடிச் சத்தம் போடுகிறவருக்கே கால் உடைந்தால் யாரிடம் போய் முட்டிக்கொள்வது? ஒலிப்பதிவாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். தெலுங்கிலிருந்து தமிழுக்கு வரும் சிரிப்புப் படம். மூன்று அசட்டுத் திருடர்கள் ஒரு நகைக்கடைக்காரர் வீட்டுக்குள் பதுங்கிப் பதுங்கி நுழைகிறார்கள். தெலுங்கில் பேச்சும் காலடியும் ஒன்றாகவே பதிவாகியிருந்ததால், பேச்சை எடுத்தபோது காலடியும் போய்விட்டது. நாலு மணிக்குத் தயாரிப்பாளர் வருவார். அந்தக் காட்சிக்கு அவர் சிரித்தால் முழுப்படமும் இவருக்கு. சிரிக்காவிட்டால் ஸ்டுடியோவைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

தானே செருப்பை மாட்டிக்கொண்டு நடந்து பார்த்தார். சகிக்கவில்லை. மூன்று திருடர்களும் ஒரே ஆள் மாதிரி, அதுவும் எருமை மாதிரி நடந்தார்கள்.

இவர் வீட்டில் மறந்துவைத்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க அந்த நேரம் பார்த்து அண்ணி வந்தார். அண்ணன் இறந்துபோய் நாலு வருஷமாகிறது. அண்ணி இன்னமும் அதே கூட்டுக்குடும்பத்தில்தான் இருக்கிறார். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தவர், குண்டுத் திருடனுக்குக் குதிகாலில்தான் பாரம் விழும், இப்படி நடக்கமாட்டான் என்றார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று இவர் கேட்டார். ஒன்பது பேர் இருக்கிற வீட்டில் இருபது வருஷமாக அடுப்புக்கு முன்னால் நிற்கிறவளுக்கு, பின்னால் வருவது யாரென்று திரும்பிப் பார்த்தா தெரிய வேண்டும் என்று அவர் திருப்பிக் கேட்டார்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மைக்குக்கு முன்னால் நின்றார். குண்டுத் திருடன் நடந்தான்; காதுக்குள் சாட்சாத் அப்பா! குட்டைத் திருடன் தடதடவென்று ஓடினான். அது இவருடைய சொந்த மகள். இவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருஷம் இந்தக் காதுகளை வீட்டில் வைத்துக்கொண்டு, காசு கொடுத்து வெளியில் ஆள் தேடியிருக்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

ஒல்லித் திருடனுக்கு அண்ணி செருப்பைக் கழற்றினார். இரண்டு எட்டு. ஒரு நிற்றல். இடது காலின் மெல்லிய இழுப்பு. ஸ்டுடியோ தரையில் பெயர்ந்திருந்த டைல் ஒன்று 'டக்'கென்றது. உடனே திகைத்துப்போன ஒரு மௌனம். ஒலிப்பதிவாளரின் கை பொத்தான் மேலேயே நின்றுவிட்டது.

தயாரிப்பாளர் வந்தார். அந்த 'டக்'குக்கும் மௌனத்துக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே, முழுப்படத்தையும் முடித்துக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவு சாத்தியதும் இவர் கேட்டார்: "அண்ணி, அது அண்ணன்தானே?"

"மத்தியானம் நான் கண்ணசந்துட்டேன்னு நெனச்சு, பிள்ளைங்க பிஸ்கட்ட எடுக்க இப்படித்தான் வருவாரு. எனக்குத் தெரியாதுன்னே கடைசிவரைக்கும் நெனச்சிட்டிருந்தாரு. அந்த டப்பாவ நான் ஒருநாளும் காலியா விட்டதில்ல தம்பி."

கிளம்பப் போனவர், வாசலில் நின்று, அந்த நடையை இன்னொரு தடவை போடச் சொன்னார். இவர் ஹெட்போனை அவர் காதில் வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார். முதல் எட்டு கேட்டதும் அண்ணி, தூங்குகிறவர் மாதிரி, கண்ணை மூடிக்கொண்டார்.