சாவியோடு போன சுற்றுலா

டானூப் கரைக்குச் சுற்றுலா கிளம்பியபோது மாற்றுச் சட்டையை மறந்தேன். ஒயின் கிடங்கின் சாவியை மறக்கவில்லை. மோசல் ஆற்றங்கரையிலுள்ள எங்கள் வீட்டில் அந்தச் சாவி கைமாறினால்தான் திராட்சைத் தோட்டமும் கைமாறியதாக அர்த்தம். மகள் யுட்டா வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஒயினில் பக்குவம் இல்லை என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அதில் ஒரு சொட்டுகூட நான் குடித்துப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

போன இடத்திலாவது சும்மா இருந்தேனா? எங்கள் மோசல் மாதிரி இந்த ஆற்றுக்கு வளையத் தெரியவில்லை என்றேன். இடிந்த கோட்டையைப் பார்த்து, "எங்க ஊர்க் கோட்டை இதைவிட நல்லா இடிஞ்சிருக்கும்" என்றேன். டிக்கெட் கிழித்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் மனைவி ஹில்ட்ரூட் யாரோ தெரியாதவள்போல் முன்னால் நடந்தாள்.

மதியம் கோட்டை மதில்மேல் உட்கார்ந்து ரொட்டியும் தொத்திறைச்சியும் பிரித்தோம். அவள் பையிலிருந்து, என் காலுறைக்குள் நுழைத்த ஒரு புட்டியை எடுத்தாள். ருசித்தே ஊரைச் சொல்லும் பந்தயத்துக்கு எங்கள் பக்கத்தில் புட்டியை இப்படித்தான் மறைப்போம். அந்தப் பந்தயத்தில் நான் புலி. அப்படித்தான் சொல்லிக்கொள்வேன். கீழே கடைத்தெருவில் வாங்கியிருப்பாள் என்று நினைத்தேன்.

"எங்க விளைஞ்சது, சொல்லு பாப்போம்."

ஒரு வாய் குடித்தேன். அடுத்த வாயை அவள் ஊற்றும்வரை பொறுக்க முடியவில்லை.

"இதோ கீழ தெரியுதே, அந்தச் சரிவு. காலை வெயில் பட்ட பழம்."

"நிச்சயமா?"

"என் நாக்கையே சந்தேகப்படுறியா? செஞ்சவன் கைகாரன்டி! நம்ம யுட்டா இவன்கிட்ட பீப்பாய் கழுவினாலாவது ஏதாச்சும் கத்துக்குவா."

"இப்படி ஒயின் செய்யிற பிள்ளையோட அப்பன் என்னய்யா செய்யணும்?"

"சாவியைக் குடுத்துட்டுப் போய்ப் படுக்கணும்."

ஹில்ட்ரூட் காலுறையை உருவினாள். புட்டியின்மேல் எங்கள் குடும்பப் பெயர். அதற்குமேல் யுட்டாவின் பெயர்.

"எனக்கு முதல் வாய்லயே தெரியும். உன்னைச் சோதிச்சேன்" என்றேன்.

"ஆமா, குப்புற விழுந்தாலும் மீசையில மண் ஒட்டல. ரொட்டியைத் தின்னு."

வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடவே பெருமையாகவும் இருந்தது. பெருமைப்பட எனக்கென்ன யோக்கியதை என்று அதற்கும் வெட்கப்பட்டேன். மிச்ச ஒயினை மட்டும் விடவில்லை.

திரும்பும் ரயிலில் ஒரு சொற்பொழிவு தயாரித்தேன். மண், தலைமுறை, பொறுப்பு எல்லாம் அதில் வந்தன. வாசலில் யுட்டா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றதும் சொற்பொழிவை விட்டுவிட்டுப் பையைத் துழாவினேன். சாவியை நீட்டினேன்.

"இது இப்ப எதையும் திறக்காதுப்பா. நீ போன மறுநாளே பூட்டை மாத்திட்டேன். பீப்பாய் அடியில தங்குற வண்டலைப் பிரிக்கிற நேரம். நீ ஊர் சுத்திட்டு வர்ற வரைக்கும் ஒயின் காத்துக்கிட்டிருக்குமா?"

ஆனாலும் அந்தப் பழைய சாவியை வாங்கி, தன் சட்டைப்பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டாள். பிறகு புதுச் சாவி ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது உனக்கு. குடிக்க மட்டும்."

இப்போதெல்லாம் சாவி கையில் இருந்தாலும், கிடங்குக் கதவைத் தட்டிவிட்டுத்தான் திறக்கிறேன்.